கேக்குச் சட்டிக்குப் பாடு போட்ட கதை

ஜெரோம் என்கிற பெயர் இனிமேல் என் வீட்டில் ஒலிக்கக் கூடாது என்று நான் ஒரு முடிவு எடுத்தேன். சாதாரண முடிவு இல்லை. படகில் தனியாக நின்று, பழவேற்காட்டு ஏரியைச் சாட்சி வைத்து எடுத்த முடிவு. ஏரி ஒன்றும் சொல்லவில்லை. அதற்கும் என் மனைவியைத் தெரியும் போலிருக்கிறது.

என் பெயர் துளசிங்கம். ஊர் கோட்டைக்குப்பம். ஏரியில் இறால் பிடிக்கிறேன். கல்யாணமாகிப் பதினெட்டு வருடம் ஆகிறது. மனைவி பெயர் வளர்மதி. நான் பெண்டாட்டிக்குப் பயந்தவன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. நம்பாதீர்கள். அவள் சொன்னதை உடனுக்குடன் செய்துவிடுகிறேன், பயப்படுவதற்கு எனக்கு நேரமே கிடைப்பதில்லை.

ஜெரோம் பக்கத்து வீட்டுக்காரன். மீன் கம்பெனிக்கு ஐஸ் வண்டி ஓட்டுகிறான். அவன் மனைவி பிரின்சி. இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு பழைய வலையைத்தான் வேலியாகக் கட்டி வைத்திருக்கிறோம். கோழி தாண்டாது. பேச்சு தாராளமாகத் தாண்டும்.

குவைத்தில் வேலை பார்க்கும் ஜெரோமின் அக்கா ஆரோக்கியமேரி, போன கிறிஸ்துமஸுக்கு வந்தபோது ஒரு கேக்குச் சட்டி கொண்டுவந்தாள். பேக்கரியில் காகிதப் பாவாடை கட்டிக் கப்கேக் என்று விற்பார்களே, உள்ளங்கையில் அடங்குமே, அது. அந்தக் கப்கேக்குக்குப் பேய் பிடித்துச் சின்னக் குடம் அளவுக்கு வீங்கினால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு கேக்கை வார்க்கிற அச்சு. இரண்டு துண்டாக வந்தது. கீழ்ப் பாதி கொசுவம் வைத்த மாதிரி மடிப்பு மடிப்பாக இருக்கும். மேல் பாதி சங்கு போலச் சுற்றிச் சுற்றி ஏறி உச்சியில் கூராக முடியும். இரண்டையும் தனித்தனியாகச் சுட்டு, ஒன்றின் மேல் ஒன்றை ஏற்றி, நடுவில் கிரீம் தடவி ஒட்ட வேண்டும்.

பிரின்சியின் பிறந்தநாளுக்கு ஜெரோம் போனைப் பார்த்துப் பார்த்து அதில் ஒரு கேக் சுட்டான். அதில் ஒரு துண்டு வலையைத் தாண்டி எங்கள் வீட்டுக்கு வந்தது. அன்றைக்கு எனக்குச் சனி பிடித்தது.

"ஜெரோம் அண்ணன் அவர் கையால சுட்டதுய்யா. இன்னா மெத்துனு கீது பாரு" என்றாள் வளர்மதி.

பார்த்தேன். மெத்தென்றுதான் இருந்தது. அதுதான் கோபமே.

அதற்குப் பிறகு எதைத் தொட்டாலும் ஜெரோம். டீ ஆறிப்போனால் ஜெரோம். கொடியில் துணி காயாவிட்டால் ஜெரோம். அவர் முட்டை அடிக்கிற அழகு என்ன, மாவு சலிக்கிற அழகு என்ன என்று நாள் முழுக்க. அண்ணன் என்றுதான் சொல்கிறாள், அதில் எனக்குக் குறை இல்லை. ஆனால் இந்தப் பதினெட்டு வருடத்தில் என்னைப் பற்றிப் பேசும்போது அழகு என்ற சொல்லை அவள் ஒரு தடவைகூடச் செலவழித்ததில்லை.

"நான்கூடத்தான் நேத்து எட்டு கிலோ எறா கொண்டாந்தேன்" என்று நினைவுபடுத்தினேன்.

"எறா அதுவா வந்து வலையில வுழுது. கேக்கு அதுவா வருமா?"

இரண்டு நாள் வயிறு எரிந்தது. மோர் குடித்தேன். வெந்தயம் முழுங்கினேன். மூன்றாம் நாள்தான் அது பொறாமை என்று ஒத்துக்கொண்டேன். எனக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். வளர்மதி தன் வாயால், வேலிக்கு அந்தப் பக்கம் ஜெரோம் காதில் விழும்படி, எங்க வீட்டுக்காரர் மாதிரி வருமா என்று ஒருமுறை சொல்ல வேண்டும். அதைக் கேட்டுவிட்டால் போதும், அப்புறம் நான் ஏரியில் விழுந்தால்கூடச் சிரித்துக்கொண்டே விழுவேன்.

யோசித்தேன். யோசிக்க யோசிக்க ஒரு திட்டம் வந்தது.

எங்கள் ஏரியில் நினைத்தவன் நினைத்த இடத்தில் வலை போட முடியாது. நல்ல இடங்களுக்குச் சீட்டுப் போட்டு, இன்னாருக்கு இன்ன நாள் என்று முறை வைத்துக்கொள்வோம். அதற்குப் பாடு என்று பெயர். பாடு குடும்பத் தலைவன் பேரில்தான் விழும். விழுந்தால் அவனேதான் போக வேண்டும். மச்சானை அனுப்பினேன், தம்பியை அனுப்பினேன் என்பதெல்லாம் செல்லாது. தன் பாடு நாளில் வலை போடாமல் வீட்டில் படுத்துக் கிடப்பவனை ஊர் மனிதனாகவே மதிக்காது. மற்ற ஊர்களில் பாடு என்றால் கஷ்டம் என்று பொருளாம். இரண்டும் ஒன்றுதான் என்பது எனக்குப் பிற்பாடு புரிந்தது.

என் திட்டம் இதுதான். கேக்குச் சட்டிக்குப் பாடு போட்டுவிட வேண்டும். ஒரு ஞாயிறு அவர்கள் வீடு, ஒரு ஞாயிறு எங்கள் வீடு. எங்கள் முறை வரும்போது வளர்மதி சுடுவாள். அவள் கைப்பக்குவத்துக்கு முன்னால் ஜெரோம் எம்மாத்திரம்? ஒரே கேக்கில் அவன் கொட்டம் அடங்கிவிடும். நான் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்கலாம்.

வலைக்கு இந்தப் பக்கம் நின்று இதை எடுத்துச் சொன்னேன். ஜெரோம் வாயைத் திறப்பதற்கு முன்பே பிரின்சி, "நல்ல யோசனண்ணே" என்றாள். வளர்மதி உள்ளே போய்ச் சொம்பும் இரண்டு சீட்டும் கொண்டுவந்தாள். இரண்டையும் அவ்வளவு வேகமாக எப்படி எடுத்து வந்தாள் என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் இந்தக் கதையே இல்லை.

சொம்பைக் குலுக்கினார்கள். பிரின்சி ஒரு சீட்டை எடுத்துப் பிரித்தாள். துளசிங்கம் என்று எழுதியிருந்தது. முதல் ஞாயிறு எங்களுக்கு. நான் வெற்றியோடு வளர்மதியைப் பார்த்தேன்.

"ஞாயித்துக்கெழம அசத்திடணும்மே."

"நானா? சீட்டுல இன்னா பேரு கீது?"

"என் பேரு. அதனால இன்னா?"

"பாடு உன் பேர்லதானய்யா வுழுந்துகீது. உன் பாட்டுல நான் பூந்து வலை போட்டா ஊரு ஒத்துக்குமா?"

ஒத்துக்கொள்ளாது. இதே சட்டத்தைப் பேசிப் பஞ்சாயத்தில் நான் எத்தனையோ பேர் வாயை அடைத்திருக்கிறேன். தப்பித்துக்கொள்ள வழி தேடி வலைக்கு அந்தப் பக்கம் பார்த்தேன். ஜெரோம் சிரித்துக்கொண்டிருந்தான். அந்தச் சிரிப்பைப் பார்த்ததும் எனக்குள் என்னமோ ஆகிவிட்டது. சுடறேன்டா, நானே சுடறேன் என்று மனசுக்குள் கறுவிக்கொண்டேன்.

எங்கள் தெருவில் யார் வீட்டிலும் கேக் சுடுகிற ஓவன் அடுப்பு கிடையாது. அண்டாவில் ஒரு சாண் உயரத்துக்கு மணலைக் கொட்டிச் சூடாக்கி, நடுவில் சட்டியை வைத்து மூடிவிட வேண்டும். ஜெரோம் வீடு கட்டி மிச்சமான ஆற்று மணலில் சுட்டான் என்று வளர்மதி சொன்னாள். மிச்ச மணல். எனக்குச் சிரிப்பு வந்தது. கோட்டைக்குப்பத்தில் பிறந்தவன் மிச்ச மணலில் சுடுவானா? படகை எடுத்துக்கொண்டு முகத்துவாரத்துக்கே போய், ஏரியும் கடலும் சேருகிற இடத்தில், பட்டு மாதிரியான ஈர மணலாகப் பார்த்து இரண்டு கூடை அள்ளி வந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் அடுப்பைப் பற்ற வைத்தேன். வளர்மதி வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துகொண்டாள். நான் உள்ளேயிருந்து சந்தேகம் கேட்டேன்.

"முட்டை எத்தினி?"

"ஜெரோம் அண்ணன் ஆறு போடுவாரு."

ஒன்பது போட்டேன்.

"சக்கர?"

"அண்ணன் அர கிலோ போடுவாரு."

ஒரு கிலோ போட்டேன்.

"எவ்ளோ நேரம் அடிக்கணும்?"

"அண்ணன் அர மணி நேரம் அடிப்பாரு. கை வலிச்சா வுட்டுடுய்யா."

ஒன்றரை மணி நேரம் அடித்தேன். கை வலித்தது. விடவில்லை. சட்டியின் மடிப்புகளுக்குள் வெண்ணெய் தடவி மைதா தூவ வேண்டும் என்பதைத்தான் யாரும் சொல்லவில்லை. ஜெரோம் என்ன தடவுவான் என்று கேட்க எனக்கு ரோஷமாக இருந்தது.

அண்டாவை மூடி அதன் மேல் நங்கூரக் கல்லைத் தூக்கி வைத்தேன். கால் மணி நேரத்தில் வனிலா வாசனை வந்தது. எனக்கே எச்சில் ஊறியது. அரை மணி நேரத்தில் வேறொரு வாசனை வந்தது. அதுவும் பழக்கமான வாசனைதான், ஆனால் கேக்கு சம்பந்தப்பட்டதில்லை. முதலில் எங்கள் வீட்டுப் பூனை வந்தது. பிறகு தெருப் பூனைகள் வந்தன. பக்கத்துக் குப்பத்துப் பூனை ஒன்றுகூட வழி விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தது.

விஷயம் இதுதான். முகத்துவாரத்து ஈர மணலில் விரல் நகம் அளவுக்குப் பொடி மட்டிச் சிப்பி புதைந்து கிடக்கும். உயிரோடு கிடக்கும். சூடு பட்டதும் ஆயிரக்கணக்கான மட்டிகள் அண்டாவுக்குள் வாயைத் திறந்து, தங்களிடம் இருந்த சாற்றையெல்லாம் ஆவியாக என் கேக்குக்குக் கொடுத்துவிட்டன. பிறந்ததிலிருந்து அந்த மணலை மிதிக்கிறேன். பொறாமை கண்ணை மறைத்துவிட்டது.

கீழ்ப் பாதி சட்டியை விட்டு வர மறுத்தது. தோண்டி எடுத்தேன். மேல் பாதி ஒரு பக்கமாகச் சாய்ந்திருந்தது. ஓட்டைப் படகுக்குப் பூசி அடைப்பதுபோல் கிரீமை அப்பி இரண்டையும் ஒட்டினேன். வளர்மதி ஒரு துண்டை வாயில் வைத்து வெகு நேரம் மென்றாள்.

"இன்னாய்யா இது?"

"கேக்கு."

"மட்டிக் கொழம்பு வாசன அடிக்குது."

ஜெரோமுக்கும் ஒரு துண்டு போனது. தின்றுவிட்டு, இன்னொரு துண்டு இருந்தால் கொடு துளசி என்று தட்டை நீட்டினான். கிண்டல். அன்று இரவு நான் சாப்பிடவில்லை.

அடுத்த ஞாயிறு அவன் பாடு. பச்சைக் கலரில் கிரீம் வைத்துச் சுட்டான். அதற்கடுத்தது என் பாடு. அண்டாவிலிருந்த மணலை வெளியே கொட்டிவிட்டு, அதற்குப் பதிலாகக் கல்லுப்பை நிரப்பிச் சுட்டேன். மட்டி வாசனை போய்விட்டது. கேக்கும் கல்லாகிவிட்டது. வளர்மதி குறை சொல்லவில்லை. ஜெரோம் அண்ணன் சுட்டு முடித்ததும் பாத்திரத்தையும் அவரே தேய்த்து வைத்துவிடுகிறாராம் என்று மட்டும் சொன்னாள். பாடென்றால் வலையை அலசிக் காயப்போடுகிற வரைக்கும் பாடுதானே என்று பொதுவாக ஒரு நியாயமும் சொன்னாள். தேய்த்தேன். அவன் தேய்த்ததைவிடப் பளபளப்பாகத் தேய்த்தேன்.

அப்புறம் ஜெரோம் ஞாயிறு காலையில் டீ போடுகிறான் என்று கேள்விப்பட்டேன். நான் டீயோடு வடையும் போட்டேன். ஜெரோம் வாசல் பெருக்குகிறானாம். நான் வாசலைப் பெருக்கி, அப்படியே பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பெருக்கினேன். தன் மூக்கு அறுந்தாலும் எதிரிக்குச் சகுனத்தடை என்று சொல்வார்களே, அந்த மாதிரி. வளர்மதியும் பிரின்சியும் வலைக்கு இந்தப் பக்கம் ஒரு நாற்காலி, அந்தப் பக்கம் ஒரு நாற்காலி போட்டுக்கொண்டு, காலை நீட்டி உட்கார்ந்து, ஞாயிற்றுக்கிழமை எவ்வளவு நல்ல கிழமை என்று பேசிக்கொண்டிருந்தார்கள்.

என் ஐந்தாவது பாட்டில் அது நடந்தது. மடிப்பு ஒன்றுகூடக் கலையாமல் கீழ்ப் பாதி சட்டியை விட்டு வந்தது. மேல் பாதி சுற்றிச் சுற்றி ஏறி உச்சியில் கூராக நின்றது. ஏற்றி வைத்தேன். ஆடவில்லை. வளர்மதி ஒரு துண்டைத் தின்றாள். கண்ணை மூடினாள். பிறகு மெதுவாக வேலிப் பக்கம் திரும்பினாள்.

"எங்க வீட்டுக்காரரு கைப்பக்குவம் யாருக்குடி வரும்?"

வந்துவிட்டது. நான் கேட்க ஆசைப்பட்டதே வந்துவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் ஒரு கரண்டி கீழே விழுகிற சத்தம் கேட்டது. அதைப் போல இனிமையான சத்தத்தை என் வாழ்நாளில் நான் கேட்டதில்லை. அந்த வாரம் முழுக்க நான் தரையில் நடக்கவில்லை. ஏரியில் வலை காலியாக வந்தபோதும் பாடிக்கொண்டே இழுத்தேன்.

சனிக்கிழமை பழவேற்காடு பஜாருக்குப் போனேன். மறுநாள் ஜெரோம் பாடுதான். ஆனாலும் ஒரு ஒத்திகை பார்த்து வைக்கலாம் என்று ஆசை. செங்கல்வராயன் மளிகைக் கடையில் வனிலா எசன்ஸ் ஒரே ஒரு பாட்டில் இருந்தது. நான் கையை வைத்தேன். அதே பாட்டிலில் இன்னொரு கையும் இருந்தது. ஜெரோமின் கை.

நான் இழுத்தேன். அவன் இழுத்தான். செங்கல்வராயன் பாட்டில் உடைந்தால் இரண்டு பேரும் பொறுப்பு என்றார். ஜெரோம் திடீரென்று கையை விட்டான். அவன் கண் கலங்கியிருந்தது.

"ஏம்பா துளசி, உனக்கு நான் இன்னா கெடுதல் பண்ணேன்?"

"நானா? நீதான்டா என் குடும்பத்துல கொள்ளி வெச்ச. மொதல்ல கேக்கு சுட்டது நீதான?"

"ஏன் சுட்டேன்? உன்னாலதான் சுட்டேன். நீ கல்யாணம் ஆன நாள்லேந்து வளர்மதி அக்காக்குத் தெனம் நண்டு கழுவி ஓடு ஒடச்சிக் குடுக்குறியாமே? அவங்க கால் வலின்னு சொன்னா எண்ணெ தேச்சி வுடறியாமே?"

"யாரு சொன்னது?"

"உங்க வூட்டம்மாதான் பிரின்சிகிட்ட சொல்லிகீறாங்க. எங்க வூட்ல ஒரு வருசமா உன் பேரு தவர வேற பேச்சே இல்ல. எனக்கு நண்டு தொட்டா கையெல்லாம் தடிச்சிடும். வேற இன்னாதான் செய்றது? எங்க அக்கா குவைத்துலேந்து கொண்டாந்த சட்டி இருந்துச்சி. கேக்கு சுட்டேன்."

நான் செங்கல்வராயன் கடை அரிசி மூட்டையின் மேல் உட்கார்ந்துவிட்டேன். நான் ஜெரோமைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். ஜெரோமோ இந்த உலகத்திலேயே இல்லாத ஒரு துளசிங்கத்தைப் பார்த்துப் பொறாமைப்பட்டிருக்கிறான். நண்டு ஓடு உடைத்துக் கொடுத்து எண்ணெய் தேய்த்துவிடும் அந்தத் துளசிங்கத்தைப் பற்றிக் கேட்கக் கேட்க எனக்கே அவன் மேல் கொஞ்சம் எரிச்சல் வந்தது.

"அப்போ என் பேரு சீட்டுல வந்தப்ப ஏன் சிரிச்ச?"

"ஒரு ஞாயித்துக்கெழம தப்பிச்சேனேன்னு சிரிச்சேன்."

"மட்டிக் கேக்கு ரெண்டாவது துண்டு கேட்டியே?"

"பசிப்பா. காலையிலேந்து பெருக்கினு இருந்தேன்."

நான் பஸ் நிற்கிற இடம் வரைக்கும் பெருக்கியதைச் சொன்னேன். அவன் என் கையைப் பிடித்துக்கொண்டான். பிறகு பாட்டிலைச் செங்கல்வராயனிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு இரண்டு பேரும் ஒரு முடிவுக்கு வந்தோம். நாளையிலிருந்து இரண்டு வீட்டிலும் ஆண்கள் கேக் சுடுவதில்லை. பாத்திரம் தேய்ப்பதில்லை. பெருக்குவதில்லை. யார் என்ன சொல்லி ஏற்றிவிட்டாலும் ஏமாறுவதில்லை. அவன் ஐஸ் வண்டி மேல் கையை வைத்துச் சத்தியம் செய்தோம்.

வண்டியிலேயே ஊர் திரும்பினோம். வழியெல்லாம் பேச்சைத் தயார் செய்தோம். மொத்தம் பதினோரு வாக்கியம். உங்கள் சூது எங்களுக்குத் தெரிந்துவிட்டது என்பது முதல் வாக்கியம். நான்தான் பேசுவது, ஜெரோம் பக்கத்தில் நின்று தலையாட்டுவது. இரண்டு தடவை முழுசாகச் சொல்லிப் பார்த்தேன். ஒரு இடத்தில்கூடத் தடுக்கவில்லை. ஜெரோமுக்குக் கண்ணில் மறுபடியும் தண்ணீர் வந்தது, இந்தத் தடவை வீரத்தால்.

வீட்டு வாசலில் வளர்மதியும் பிரின்சியும் அவரவர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். வளர்மதி மடியில் கேக்குச் சட்டியின் ஒரு பாதி இருந்தது. பிரின்சி மடியில் இன்னொரு பாதி. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டேன்.

"செங்கல்வராயன் போன் பண்ணாரு" என்றாள் வளர்மதி. "கடையில ரெண்டு பேரும் அழுதீங்களாமே. எங்களுக்கே ஒரு மாதிரி ஆயிடிச்சி. முழு கேக்கு ஒரு ஆளே சுடறது கஷ்டந்தான்யா. ஒத்துக்கிறோம். அதான் நாங்க பேசிப் பிரிச்சிட்டோம். இனிமே ஆளுக்குப் பாதிதான். நீ ஒரு பாதி, அண்ணன் ஒரு பாதி."

"எந்த ஞாயித்துக்கெழம?" என்று ஜெரோம் மெல்லக் கேட்டான்.

"எல்லா ஞாயித்துக்கெழமயும்தான். பாதி வேலதான?" என்றாள் பிரின்சி.

வளர்மதி தன் மடியில் இருந்ததை எடுத்து என் கையில் வைத்தாள். மடிப்பு மடிப்பாக இருக்கும் கீழ்ப் பாதி. அந்தப் பக்கம் பிரின்சி, சங்கு மாதிரி கூராக முடியும் மேல் பாதியை ஜெரோம் கையில் கொடுத்தாள். அவன் என்னைப் பார்த்துத் தலையாட்டத் தயாரானான். பேச வேண்டிய நேரம் வந்துவிட்டது. எனக்கு எல்லாம் தெரியும். யார் யாரிடம் என்ன சொன்னார்கள், எதற்காகச் சொன்னார்கள், சொம்பும் சீட்டும் ஏன் தயாராக இருந்தன, எல்லாமே தெரியும். பதினோரு வாக்கியமும் நாக்கு நுனியில் வரிசையாக நின்றன. வாயைத் திறந்தேன்.

"மேல் பாதிய ஏன்மே அவனுக்குக் குடுத்த?"